அன்றைக்கு நிவிதாவுக்கு இருமல்

பத்து மணி என்று அழைப்பிதழில் அச்சடித்துவிட்டு இவ்வளவு நேரம் உட்காரவைத்திருக்கிறார்கள், அந்தப் பம்ப்செட் கம்பெனி முதலாளி வந்து குத்துவிளக்கை ஏற்றினால்தான் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு விடியும் போலிருக்கிறது, ஒரு மனுஷனுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதா, மூன்றாம் கிளாஸ் பிள்ளைக்கே அது பாடத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பு தொடையில் கோடு போட்டிருக்கும். பட்டு வேண்டாம், காட்டன் கட்டிக்கோ, வேகும் என்று கருணா சொன்னார். கட்டின புருஷன் சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன், முன்வரிசை, மைக், நாலு பேர் பார்ப்பார்கள் என்று மாம்பழ நிறப் பட்டைச் சுற்றிக்கொண்டு வந்து இப்போது முதுகில் ரவிக்கை ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. தலைக்கு மேல் ஃபேன், அது சுற்றுகிற வேகத்துக்கு அதன் மேலிருக்கும் ஒட்டடைகூட அசையவில்லை. மடியில் கைப்பை, கைப்பைக்குள் மடித்துவைத்த என் பேச்சு. பெற்றோர் சார்பில் நன்றியுரை, ஆங்கிலத்தில். நிவிதாவின் கிளாஸ் டீச்சர் ஜெசிந்தா மிஸ் போன வாரம் ஸ்கூல் கேட்டுக்குப் பக்கத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மேடம், நீங்கதான் பேசணும், உங்க கான்வென்ட் இங்கிலீஷ் தனியாத் தெரியுது மேடம்" என்றாள், அவ்வளவுதான், விழுந்தேன். நாற்பத்தெட்டு வயதில் ஒருத்தி விழுவதற்கு அது போதும். கேஸ்காரனிடமும் கேபிள்காரனிடமும் கத்திக் கத்தித் துருப்பிடித்துக் கிடந்த என் இங்கிலீஷை ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாளே. உட்கார்ந்து எழுதினேன், அடித்தேன், மறுபடி எழுதினேன், கண்ணாடிக்கு முன்னால் நின்று படித்தேன். கட்டிலில் குதித்துக்கொண்டே கேட்ட நிவிதா, "அம்மா, நீ ஹெச்.எம். மாதிரி பேசறே" என்றாள். பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. இந்தப் பள்ளி எந்தக் குழந்தையையும் விட்டுவிடுவதில்லை என்று அதில் ஒரு வரி, சொந்தமாக நானே யோசித்த வரி, அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் இறக்க வேண்டும் என்று கீழே கோடு வேறு போட்டுவைத்திருக்கிறேன்.

மேடைக்குப் பின்னால் ஃப்ளெக்ஸ். மாவட்ட அடைவுத் தேர்வில் மூன்றாம் வகுப்பு முதலிடம். நடுவில் தலைமையாசிரியை, சேலையில் குத்தியிருக்கும் ஊக்குவரைக்கும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக, அவரைச் சுற்றிப் பிள்ளைகள் தபால்தலை மாதிரி. மாவட்டம் முழுக்க எல்லாப் பள்ளிக்கூடத்திலும் மூன்றாம் வகுப்புக்கு ஒரே நாளில் ஒரே தாள், சரியான விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்ப வேண்டும், மெஷின் திருத்தும், எழுதிய பிள்ளைகளின் சராசரிதான் பள்ளிக்கூடத்தின் மார்க். அதில் இவர்கள் முதல். நிவிதா படம் எங்கே. வந்து உட்கார்ந்ததிலிருந்து தேடுகிறேன். இரட்டைப் பின்னல் போட்டது எல்லாம் நிவிதா மாதிரியே தெரிகிறது, உற்றுப் பார்த்தால் இல்லை. இருக்காதுதான். அன்றைக்கு அவள் லீவு. இருமல். எழுதாத பிள்ளை படத்தை எப்படிப் போடுவார்கள், அது நியாயம்தானே, ஆனாலும் பெற்ற வயிறு கேட்கிறதா, ஒரு ஓரத்தில் போட்டால் ஃப்ளெக்ஸ் கிழிந்தா போய்விடும். அந்த இருமல் மட்டும் வராமல் இருந்திருந்தால். எவ்வளவு பாடுபட்டேன். மாதிரித் தாள் வாங்கி வந்து வட்டத்தை நிரப்படி என்று கொடுத்தால் இந்தப் பெண் ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இரண்டு கண்ணும் ஒரு வாயும் வரைந்துவைத்திருந்தாள். சரியான விடைக்குச் சிரிக்கிற மூஞ்சி, தப்பான விடைக்கு அழுகிற மூஞ்சி. "மெஷினுக்கு மூஞ்சி தெரியாதுடி" என்று கத்தினேன். "பாவம்மா மெஷின்" என்றாள். விடை எல்லாம் சரி, அதைச் சொல்ல வேண்டும், ஒரு மூஞ்சிகூட இடம் மாறி அழவில்லை. நேரம்தான் எடுப்பாள். ஏழெட்டு என்ன என்றால் கூரையைப் பார்ப்பாள், நான் தோசையைத் திருப்பி, எடுத்து, அடுத்ததை ஊற்றும்போது, அம்பத்தாறு என்று எங்கிருந்தோ வரும். இந்தச் சீமையில் யாருக்கு அவ்வளவு பொறுமை இருக்கிறது, எனக்கே இல்லை. ஜெசிந்தா மிஸ் ஒருமுறை சொன்னாள், "நிவிதா கொஞ்சம் ஸ்லோ மேடம், ஆனா ரொம்ப ஸ்வீட்." நான் ஸ்வீட்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

நல்ல மிஸ்தான் அவள். தேர்வுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவளாகவே ஃபோன் செய்தாள். "மேடம், நிவிதா இன்னைக்கு கிளாஸ்ல இருமிக்கிட்டே இருந்தா. நாளைக்கு ரெஸ்ட் குடுங்க. தேர்வு கிடக்குது மேடம், குழந்தை ஹெல்த்துதான் முக்கியம்." எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இந்தக் காலத்தில் தேர்வைவிடப் பிள்ளையின் உடம்பு முக்கியம் என்று சொல்கிற டீச்சர் எங்கே கிடைப்பாள். நிவிதா அப்போது சோபாவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள், மணிக்கட்டில் சிவப்பு மையில் ஒரு ஸ்டார், மிஸ் போட்டது, கணக்கில் ஏதோ உருப்பட்டுவிட்டாள் என்று அதைப் படம் பிடித்துச் சென்னையிலிருக்கும் அக்காவுக்கு வேறு அனுப்பியிருந்தேன். "நிவி, இங்கே வா, உனக்கு இருமலாமே. இரு பார்க்கலாம், இருமு." இருமினாள். உலர்ந்த, சின்ன இருமல். "இன்னொரு தடவை." இன்னொரு தடவை. அப்போதே அடுப்பை மூட்டிவிட்டேன், ஆடாதொடை, மிளகு, சித்தரத்தை, துளசி, நான்கு பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டுகிறவரைக்கும், மூக்கைப் பிடித்துப் புகட்டினேன், நெஞ்சில் தைலம், காதில் பஞ்சு, ஃபேனை அணைத்தேன், மறுநாள் முழுக்கப் படுக்கையைவிட்டு இறங்கவிடவில்லை. சாயங்காலம் இருமல் போன இடம் தெரியவில்லை. பார்த்தாயா என் கஷாயத்தை என்று அக்காவிடம் எவ்வளவு பீற்றினேன், ஆங்கில மருந்து ஒரு சொட்டு இல்லை, ஒரே நாளில் கேட்டது என்று, அவளும் சித்தரத்தை எவ்வளவு போட்டாய் என்று கேட்டு எழுதிக்கொண்டாள்.

"ஏனுங்க நிவிதா அம்மா, பக்கத்துல ஆளு வருதுங்களா?" பிரணவ் அம்மா. இந்தக் கேட்டுக்குள் நுழைந்தால் எங்களில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது, நான் தமயந்தி என்பது எனக்கே ரேஷன் கடையில்தான் ஞாபகம் வரும். ஆள் வரவில்லை, உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தாள், மூச்சு வாங்கினாள், மல்லிகையைச் சரிசெய்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்த ஃப்ளெக்ஸையே அவளும் பார்த்தாள். "எங்க பிரணவ் படத்தைப் போடவே இல்லீங்க. பையன் மூஞ்சி சுண்டிப்போச்சு. அன்னைக்குன்னு பாத்துக் கண்ணு வலிங்க." ஐயோ பாவம் என்றேன், ‘மெட்ராஸ் ஐ’ என்றால் ஒட்டிக்கொள்ளுமே என்று கொஞ்சம் தள்ளியும் உட்கார்ந்தேன். "அட, கண்ணு செவக்கவே இல்லீங்க. மிஸ்தான் போன் பண்ணுனாங்க, கண்ணு ரோஸ் கலர்ல இருக்குது, மத்த பிள்ளைகளுக்கு ஒட்டிக்கும், நாளைக்கு அனுப்பாதீங்கன்னு. நானும் டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்தனுங்க. அவங்க சொன்னா இருக்கும்ல, படிச்சவங்க." சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதிவரைக்கும் வந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு தலை முன்னால் நீண்டது, தன்யா அப்பா, லேத் பட்டறை வைத்திருப்பவர், விரல் இடுக்கில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத கறுப்பு. "எங்க பாப்பாவுக்கு அம்மைன்னாங்கம்மா. கழுத்துல ரெண்டு புள்ளி. வேப்பிலை கட்டி, வீட்டுல கவிச்சி நிறுத்தி, எங்க அம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கவே செஞ்சிட்டாங்க. கொசுக்கடிங்க அது!" அவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், பிரணவ் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அன்னைக்கேவா?" என்றேன். "என்னைக்குங்க?" "தேர்வு அன்னைக்கேவா?" "ஆமாங்க, அதேதான், அன்னைக்குத்தான் அனுப்ப வேண்டாம்னு மிஸ் சொன்னாங்க." அவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். பிரணவ் அம்மாவின் சிரிப்பு நின்றிருந்தது. என்னைப் பார்த்தாள். நான் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன்.

கண், கழுத்து, நெஞ்சு. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒன்று. ஒரே வியாதியாகச் சொன்னால் தெரிந்துபோகும் என்று பார்த்துப் பார்த்துப் பங்கிட்டிருக்கிறாள், பந்தியில் இனிப்பு வைக்கிற மாதிரி. இல்லை, இருக்காது, நான் எதையுமே இப்படித்தான் கோணலாக நினைப்பேன் என்று கருணா சொல்வார், சீசன் அப்படி, பிள்ளைகளுக்கு எல்லாம் சேர்ந்துதான் வரும். எல்லாம் சேர்ந்துதான் வரும், கணக்கில் நேரம் எடுக்கிற பிள்ளைகளாகப் பார்த்தா வரும்? பிரணவுக்கு எழுத்து இடம்வலம் மாறும், அவன் அம்மாவே என்னிடம் சொல்லி அழுதிருக்கிறாள். தன்யா வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. நிவிதா கூரையைப் பார்ப்பாள். எழுதியவர்களின் சராசரி. எழுதியவர்களின். இது எனக்குத் தெரியும்தானே, மிஸ்ஸே பெற்றோர் கூட்டத்தில் போர்டில் எழுதி விளக்கினாள், நான் தலையை வேறு ஆட்டினேன். கான்வென்டில் இன்ஸ்பெக்‌ஷன் வருகிற காலையில் சிஸ்டர் பெர்னடெட் எங்களை இடம் மாற்றி உட்காரவைப்பார், கையெழுத்து நன்றாக இருப்பவர்கள் முன்னால், நான் முன்னால். கடைசி பெஞ்சிலிருந்து சிலரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சேப்பல் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள் குழந்தைகளே என்று அனுப்புவார். அவர்கள் பூவாளியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே சிரித்துக்கொண்டு போவதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பொறாமை. ஷூவெல்லாம் நனைந்து வருவாள் ஹெலன் என்று ஒருத்தி. ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றுவது ஏதோ பரிசு என்றுதான் அப்போதும் நினைத்தேன், இந்த நிமிஷம் வரைக்கும் அப்படியேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், இவ்வளவு வாய் இருந்தும், ஊரில் எவன் எடையில் ஏமாற்றினாலும் தராசைப் பார்த்தே சொல்கிறவள், அந்தத் தோட்டம் எதற்கு என்று ஒருதரம்கூடத் தோன்றவில்லை. இங்கே தோட்டம் இல்லை. அதனால் என் வீடு. என் கட்டில். என் கஷாயம். இருமு என்று சொன்னவளே நான்தான்.

"அம்மா, மூடி திறக்க வரலை." நிவிதா. தரையில் வரிசையாக உட்காரவைத்திருந்த பிள்ளைகளிடமிருந்து எழுந்து வந்திருக்கிறாள், தண்ணீர் பாட்டிலை நீட்டுகிறாள். திறந்தேன். குடித்தாள், கழுத்தெல்லாம் ஊற்றிக்கொண்டாள். கேட்காதே, வீட்டுக்குப் போய்க் கேள், கருணாவை வைத்துக்கொண்டு கேள். "நிவி, அன்னைக்கு உனக்கு இருமல் இருந்துச்சா?" எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்தாள், என் தோளைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னாள், வாயில் தண்ணீர் ஈரம். "அது சீக்ரெட்மா." "அம்மாகிட்ட சொல்லலாம்." யோசித்தாள், கூரையைப் பார்த்து, தோசை திருப்புகிற நேரம். "மிஸ் எங்களை மட்டும் தனியாக் கூப்ட்டாங்க. நீங்க நாளைக்கு வராம இருந்தா நம்ம ஸ்கூல் ஜெயிச்சிடும், யாருக்கும் சொல்லக்கூடாதுன்னாங்க. நாங்க வரலை. ஜெயிச்சிடுச்சு!" கையை நீட்டினாள். மணிக்கட்டில் ஸ்டார், சிவப்பு, புதிது, மை இன்னும் பளபளக்கிறது. "இன்னைக்கும் போட்டாங்க. எங்களுக்கு மட்டும்தான். தேர்வு எழுதினவங்க யாருக்கும் இல்லை." "அப்ப மிஸ் ஃபோன் பண்ணப்ப நீ இருமினியே." "நீதானேம்மா இருமச் சொன்னே." மூடியைத் திருப்பி மூடத் தெரியாமல் பாட்டிலை என் மடியில் வைத்தாள். பட்டு நனைந்தது. "அம்மா, நாலாவதுல நான் காய்ச்சல் வெச்சுக்கவா? இருமல்னா நீ கஷாயம் குடுக்கறே." ஓடிவிட்டாள். குதித்துக் குதித்து, பின்னல் இரண்டும் முதுகில் அடிக்க, பிரணவுக்கும் தன்யாவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து நாற்காலியில் பிரணவ் அம்மா. கேட்டிருக்கிறாள். மல்லிகைச் சரத்திலிருந்து ஒரு பூவைப் பிய்த்து விரலில் உருட்டிக்கொண்டிருக்கிறாள், உருட்டி உருட்டி அது கறுத்துவிட்டது. "அவனும் கையில ஸ்டார் வெச்சுக்கிட்டு வந்தானுங்க" என்றாள், என்னிடம் இல்லை, பூவிடம்.

வந்துவிட்டார் பம்ப்செட். எல்லோரும் எழுகிறோம், எல்லோரும் உட்காருகிறோம். திரி பிடிக்க மாட்டேன் என்கிறது, ஃபேனை அணைக்கிறார்கள், வியர்வை இப்போது காதுக்குப் பின்னால் இறங்குகிறது. தலைமையாசிரியை பேசுகிறார், ஒரு வார்த்தையும் உள்ளே போகவில்லை, உழைப்பு என்கிறார், குழந்தைகள் என்கிறார், கைதட்டுகிறார்கள். ஜெசிந்தா மிஸ் மேடையோரத்தில் நிற்கிறாள், இளம்பச்சைச் சேலை, ஒல்லிக் கழுத்து, வயது முப்பது இருக்குமா, கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவளையும் மேலிடத்திலிருந்து யாரோ ஃபோனில் கூப்பிட்டு, மார்க்கை ஏற்று என்று விரட்டியிருப்பார்கள். கூப்பிடட்டும். அதற்காக? அதற்காக என் பெண்ணின் கையில் ஸ்டார் போடுவாளா? எழுந்துபோய்க் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது. வைத்துவிட்டு? அவளுடைய கிளாஸில்தானே நாளைக்கும் நிவிதா போய் உட்கார வேண்டும். பேசாமல் படித்துவிட்டு இறங்கு தமயந்தி. இரண்டு நிமிஷம். படித்துவிட்டு, வீட்டுக்குப் போய், அடுத்த வருஷம் வேறு பள்ளிக்கூடம் பார். வேறு பள்ளிக்கூடத்தில் வேறு வியாதி. சொன்னால் என்ன ஆகும். சொன்னால் ஹால் முழுக்கத் தெரியும், தமயந்தியின் பெண் மக்கு, சராசரியைக் கெடுக்கிற பிள்ளை, அதனால் மறைத்துவைத்தார்கள் என்று, நானே மைக்கில் சொன்ன மாதிரி ஆகும், சாயங்காலத்துக்குள் குழந்தைகள் அவளிடமே கேட்கும். அவளுக்குத்தான் அது தெரியாதே. தான் பள்ளிக்கூடத்தை ஜெயிக்கவைத்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை உடைக்கவா. உடைக்காவிட்டால் வருஷாவருஷம் காய்ச்சல், அம்மை, கண்வலி, எங்கே போனாலும் ஜெயிக்கிற இடத்தைவிட்டு ஒதுங்கி நின்று, தான் ஒதுங்கியதால்தான் ஜெயித்தார்கள் என்று கைதட்டிக்கொண்டு, ஸ்டார் வாங்கிக்கொண்டு, நாற்பது வயதிலும். ஏழெட்டு அம்பத்தாறு. அவளுக்குத் தெரியும். கேட்டவர்கள்தான் பதில் வருகிறவரைக்கும் நிற்காமல் போய்விட்டார்கள். இந்தப் பள்ளி எந்தக் குழந்தையையும். அந்த இடத்தில் குரலை இறக்க வேண்டும்.

"இப்போது பெற்றோர் சார்பில் நிவிதாவின் தாயார்." ஜெசிந்தா மிஸ்தான் கூப்பிடுகிறாள், என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பில் ஒன்றுமே இல்லை, அது நிஜமான சிரிப்பு, அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்தேனா, எழுந்திருக்க வேண்டும், படிக்கட்டில் முந்தானை மிதிபட்டது. மைக் உயரமாக இருந்தது, யாரோ வந்து தாழ்த்தினார்கள். கைப்பையைத் திறந்து, தாளை எடுத்து, பிரித்தேன். என் கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது, முன்வரிசைக் கையெழுத்து. முதல் வார்த்தை ஆங்கிலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. கீழே தலைகள், தன்யா அப்பா கைதட்டத் தயாராகக் கையை வைத்துக்கொண்டிருக்கிறார், பிரணவ் அம்மா தலையைத் தூக்கவில்லை. தரையில் நிவிதா, அம்மா மேடையில் நிற்கிற பெருமை தாங்காமல் பக்கத்துப் பிள்ளைகளை முழங்கையால் இடித்துக் காட்டுகிறாள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். என் குரல் ஹாலின் கடைசிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது. "என் பொண்ணு பேரு நிவிதா. இதே மூணாம் கிளாஸ்தான். தேர்வு அன்னைக்கு அவ வரலை. இருமல்னு மிஸ் ஃபோன் பண்ணாங்க. நானும் நம்பிட்டேன்." ஜெசிந்தா மிஸ்ஸின் சேலைத்தலைப்பு என் ஓரக்கண்ணில் அப்படியே நின்றது. தலைமையாசிரியை கையிலிருந்த சால்வையை மடியில் இறக்கிவைத்தார். "அவளுக்கு அன்னைக்கு இருமல் இல்லைங்க." அப்போது, கீழே, பிள்ளைகள் வரிசையிலிருந்து ஓர் இருமல் கேட்டது. உலர்ந்த, சின்ன இருமல். நிவிதா, சிவப்பு ஸ்டார் போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அம்மா இப்படி எல்லார் முன்னாலும் போட்டு உடைக்கிறாளே என்று கண்ணை அகல விரித்து என்னையே பார்த்துக்கொண்டு, இன்னொரு தடவை இருமினாள். பக்கத்தில் பிரணவ் அவசர அவசரமாகக் கண்ணைக் கசக்க ஆரம்பித்தான்.